படி ஒன்று, அளவு வேறு

நெல்லை அளப்பதற்குப் படி என்னும் அளவையைத் தமிழர் நெடுங்காலம் வழங்கி வந்தனர். எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். இந்த வாய்பாட்டை அக்காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். வாய்பாடு ஒன்றாயிருந்தும் படி மட்டும் ஒன்றாயில்லை. பட்டணம் படி என்று ஒன்று. சின்னப் படி, பெரிய படி என்று வேறு சில. ஓர் ஊரில் நூறு படி அளந்து வாங்கியவன் மற்றோர் ஊரில் அளந்தபோது நூறு படி தேறாமல் திகைத்ததுண்டு. ஏமாற்றியவர் எவருமில்லை, சொல் ஒன்றாயிருந்து பொருள் வேறாயிருந்ததே அந்தத் திகைப்புக்குக் காரணம். 1956-ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகே இந்தக் குழப்பம் அகன்றது.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய படி ஒன்று உண்டு. 'ஸி' என்னும் கணிப்பொறி மொழியில் அதற்கு 'லாங்' என்று பெயர். ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் பாத்திரம் அது. ஒரு கணிப்பொறியில் அந்தப் பாத்திரம் 32 பிட் கொள்ளும். இன்னொன்றில் 64 பிட் கொள்ளும். பெயர் ஒன்றே, கொள்ளளவு வேறு. இந்த ஒரு வேறுபாட்டினால், பெரிய கோப்புகளைக் கையாளும் நிரல்கள் எத்தனையோ இடங்களில் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தின் வரலாற்றையும், அதிலிருந்து மாணவர்கள் கற்கத்தக்கதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கோப்பு என்பது வரிசையாக அடுக்கிய பைட்டுகளின் கூட்டம். ஒரு பெரிய நூலில் இன்ன பக்கத்தைப் புரட்டு என்று சொல்வதுபோல, கோப்பில் இன்ன பைட்டுக்குச் செல் என்று நிரல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஓர் எண் தேவை. இதனை இருப்பிட எண் என்று அழைப்போம். இருப்பிட எண்ணை வைக்கும் பாத்திரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம்தான் நிரலால் கோப்புக்குள் செல்ல இயலும். அதற்கு அப்பால் கோப்பில் எவ்வளவு செல்வம் இருப்பினும் அந்த நிரலுக்கு எட்டாது.

ஸி மொழி அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972-ஆம் ஆண்டை ஒட்டி டென்னிஸ் ரிட்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அவரும் கென் தாம்ஸனும் அமைத்த யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை 1973-இல் அம்மொழியிலேயே திருப்பி எழுதப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய பிடிபி-11 என்னும் பொறியில் சாதாரண எண் 16 பிட் அகலமுடையது. 16 பிட்டில் 65,536 வேறு வேறு எண்களையே குறிக்கலாம். கோப்போ அதைவிடப் பெரிதாக வளரத் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

அவர்கள் கண்ட வழி நம் முன்னோர் கண்ட வழியே. ஆயிரக்கணக்கான படிகளைத் தனித்தனியே எண்ணுவார் உண்டோ? இத்தனை கலம், இத்தனை படி என்று இரண்டு அளவால் சொல்லிவிடுவோம். அதுபோல, 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் 'சீக்' என்னும் கட்டளை, விரும்பினால் தரப்பட்ட எண்ணை 512-ஆல் பெருக்கிக் கொள்ளும். முதலில் 512 பைட் கொண்ட கட்டங்களாகத் தாண்டிச் சென்று, பிறகு எஞ்சிய பைட்டுகளை நகர்ந்து கடக்க வேண்டும். வேலை நடந்தது, ஆயினும் தொல்லைதான். பின்னர் 32 பிட் அகலமுள்ள லாங் என்னும் வகை ஸி மொழியில் சேர்ந்தபோது, இருப்பிட எண்ணை அதில் வைத்தார்கள். 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அக்கட்டளையின் பெயர் 'எல்சீக்' என்று இருப்பதைக் காண்கிறோம். முன்னே நிற்கும் 'எல்' என்னும் எழுத்து லாங் என்பதன் முதலெழுத்து. இன்றும் உலகமெங்கும் மாணவர்கள் எழுதும் அச்சிறு எழுத்துக்குள் ஒரு பழைய நெருக்கடியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

குறியுடைய 32 பிட் எண்ணின் உச்சம் 2,147,483,647. நம் கணக்கில் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்துச் சொச்சம். அந்நாளில் பிடிபி-11 பொறியோடு வழங்கிய ஆர்கே-05 என்னும் வட்டு ஏறத்தாழ 25 லட்சம் பைட் கொள்ளும். இந்த உச்சத்தை எட்ட அத்தகைய வட்டுகள் எண்ணூறுக்கு மேல் வேண்டும். ஆகவே, இவ்வெல்லையை எவரும் மீறப்போவதில்லை என்று அன்று கருதியதில் வியப்பில்லை. 1989-இல் ஸி மொழிக்கு அமெரிக்கத் தரநிலை வகுக்கப்பட்டபோதும், கோப்பில் இடம்பெயரும் 'எஃப்சீக்' என்னும் கட்டளையும், இருக்குமிடத்தைச் சொல்லும் 'எஃப்டெல்' என்னும் கட்டளையும் லாங் எண்ணையே கையாளுமாறு விதிக்கப்பட்டன. அவ்விதி இன்றளவும் மாறவில்லை.

சென்னையைப் பார்ப்போம். 1959-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அடையாற்றை அடுத்த காட்டுப் பகுதியில் அமைந்தது. யூனிக்ஸ் ஸி மொழிக்கு மாறிய அதே 1973-ஆம் ஆண்டில், அங்கே ஐபிஎம் 370/155 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. அதன் முகவரி 24 பிட் அகலமுடையது. ஆக, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் பைட்டுகளை மட்டும் அதனால் சுட்டிக் காட்ட முடியும். இக்காலத்தில் கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவையைப் பார்த்து ஒரு கோடு கிழிக்கிறது. அடுத்த தலைமுறை அந்தக் கோட்டில் வந்து இடிக்கிறது.

மயிலாப்பூரில் லஸ் பகுதியில் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் வாழ்ந்த 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் இல்லத்தில், அவருடைய புதல்வர் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தி வந்தார். அவற்றின் பயனாக 1962-இல் கணித அறிவியல் நிறுவனம் தோன்றிப் பின்னர் தரமணியில் நிலைபெற்றது. 2004-இல் அந்நிறுவனத்தார் 'கப்ரு' என்று இமயச் சிகரம் ஒன்றின் பெயரைச் சூட்டி, 144 கணிப்பொறிகளை இணைத்த ஒரு தொகுதியை அமைத்தார்கள். அது உலகின் முதல் ஐந்நூறு மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அணுவினுள் உறையும் குவார்க்குகளின் விசையை, வெளியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. அத்தகைய கணக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நாமே மதிப்பிடலாம். வெளித்திசை ஒவ்வொன்றிலும் 32 கட்டம், காலத்திசையில் 64 கட்டம், ஒவ்வொரு கட்டத்திற்கும் 576 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு பதிவு ஏறத்தாழ 121 கோடி பைட் ஆகும். வெளித்திசைக் கட்டத்தை 40 ஆக உயர்த்துங்கள். பதிவு 235 கோடியைத் தாண்டிவிடும். முப்பத்திரண்டிலிருந்து நாற்பதுக்குச் சென்றதில் எல்லைக் கோடு பின்னே போய்விட்டது!

தியாகராய நகரில் ஜி. என். செட்டி சாலையில் 1989-இல் தோன்றி, 2005-இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்த கணித நிறுவனம் ஒன்றும் உண்டு. கணிதத்தையும் கணிப்பொறியியலையும் ஒரே கூரையின்கீழ் வளர்த்த இடம் அது. ஆக, நகரின் தென்பகுதியில் சில மைல் சுற்றளவுக்குள் எண்ணையும் பொறியையும் பற்றிச் சிந்தித்த கூடங்கள் பல இருந்தன என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இது விஞ்ஞானிகளின் கவலையே, நமக்கு என்ன என்று கேட்பவர்க்கு மயிலாப்பூரிலிருந்தே விடை சொல்லலாம். மார்கழியில் கச்சேரி கேட்காத மயிலாப்பூர் உண்டோ? குறுந்தட்டின் தரத்தில் இசையைப் பதிவு செய்தால், வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு இரண்டு பைட், இடமும் வலமுமாக இரு தடங்கள். ஆக வினாடிக்கு 1,76,400 பைட். இந்தக் கணக்கில் 2,147,483,647 பைட் நிரம்புவதற்கு ஆகும் காலம் 3 மணி 22 நிமிடம் 53 வினாடி. பழைய நாளில் நான்கு மணி நேரக் கச்சேரி புதுமையன்று. அத்தகைய கச்சேரியை ஒரே கோப்பாகப் பதிந்தால், ராகம் தானம் பல்லவி முடிந்து துக்கடாக்கள் தொடங்கும் வேளையில் எல்லைக் கோடு வந்து நிற்கும். மங்களம் பாடுவதற்குள் பதிவு நின்றுபோனால் கேட்பவர் நெஞ்சம் என்ன பாடுபடும்?

பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. 1943-இல் நிறுவப்பெற்ற அதில் ஐயரவர்கள் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஏட்டுச் சுவடிகள் உள்ளன. அடையாற்றில் 1886-இல் தொடங்கிய நூலகமும் சுவடிகளுக்குப் பெயர் பெற்றது. சுவடியின் ஒரு பக்கத்தையோ பழம் பதிப்பின் ஒரு தாளையோ அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் படமாக்குவதாகக் கொள்வோம். ஏ-4 அளவுத் தாளுக்கு 4,960 புள்ளி அகலம், 7,016 புள்ளி நீளம். புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கம் பத்துக் கோடியே நாற்பத்து நான்கு லட்சம் பைட்டுக்குச் சற்றுக் குறைவு. இருபது பக்கங்கள் எல்லைக்குள் அடங்கும். இருபத்தோராம் பக்கத்தில் கோடு கடந்துவிடும். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிவந்த ஏடு ஒரு நிரலரின் கவனக்குறைவுக்கு இரையாகலாமா?

எல்லையைக் கடந்தால் என்ன நேரும்? நேர்மையான நிரல் நின்றுவிடும். பிழை என்று அறிவிக்கும். அது நல்லதே. கொடுமையானது வேறொன்று. 32 பிட் பாத்திரத்தில் 2,147,483,647-க்கு மேல் ஒன்றைச் சேர்த்தால், பெரும்பாலான பொறிகளில் அது எதிர் எண்ணாக மாறிவிடும். குறியற்ற 32 பிட் எண்ணாயின் 4,294,967,295-க்கு அப்பால் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். 4,294,967,306-ஆம் இடத்தில் எழுது என்று நிரல் எண்ணுகிறது. பாத்திரத்தில் மிஞ்சியதோ 10. கோப்பின் பத்தாம் இடத்தில், அதாவது தலைப்புப் பகுதியின்மேல், புதிய செய்தி எழுதப்படுகிறது. கச்சேரியின் மங்களம் தொடக்க வர்ணத்தை அழித்துவிடுகிறது. பிழை அறிவிப்பு எதுவும் வருவதில்லை. பல மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போதுதான் உண்மை வெளிப்படும்.

1990-க்குப் பின் வட்டுகள் வெகு வேகமாகப் பெருத்தன. ஆதலின் யூனிக்ஸ் முறைமைகளை விற்ற நிறுவனங்கள் ஒன்றுகூடிப் 'பெருங்கோப்பு மாநாடு' என்னும் பெயரில் ஆராய்ந்து, 1996-இல் ஒரு வரைவை வெளியிட்டன. அதன் சாரம் 1997-இல் யூனிக்ஸ் பொதுத் தரநிலையில் இடம்பெற்றது. இருப்பிட எண்ணுக்கு 'ஆஃப்-டி' என்னும் தனி வகை. அதனைக் கையாள 'எஃப்சீகோ', 'எஃப்டெல்லோ' என்னும் கட்டளைகள். 32 பிட் பொறியிலும் 'ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்' என்ற குறிப்பை 64 என்று நிரலின் தலையில் வைத்துவிட்டால், ஆஃப்-டி 64 பிட் அகலமாகிவிடும். 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 கருவில் இவ்வசதி நிலைபெற்றது. 64 பிட்டின் உச்சம் எவ்வளவு? குறுந்தட்டுத் தரத்தில் இடைவிடாமல் பாடினாலும் அந்த எல்லையை எட்டப் பதினாறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அதே 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டு, ஒரு நிமிடம் முடியுமுன் வானில் வெடித்துச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் பாத்திரத்தில் ஊற்ற முயன்றதே காரணம். அங்கே கோப்பு இல்லை. ஆனால் நோய் ஒன்றே. பெரிய எண்ணைச் சிறிய பாத்திரத்தில் பாராமல் ஊற்றுவதே அந்நோய்.

இனிப் படி வேறுபடும் கதைக்கு வருவோம். 64 பிட் லினக்ஸில் லாங் என்பது 64 பிட். 64 பிட் விண்டோஸிலோ லாங் இன்னும் 32 பிட்தான். பழைய நிரல்கள் கெடாமலிருக்க அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே லினக்ஸில் எழுதிச் சோதித்து நன்றாக ஓடிய நிரல், விண்டோஸில் பெரிய கோப்பைக் கண்டதும் தடுமாறும். 'எஃப்சீகோ' அங்கே வழங்காத இடங்களில், 'எஃப்சீக்-ஐ64' என்னும் அந்த முறைமைக்கே உரிய கட்டளையை ஆள வேண்டும். விண்டோஸின் பழைய கட்டளை ஒன்று இருப்பிட எண்ணை மேற்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. மறுபடியும் கலமும் படியும்!

மாணவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். முதலாவது, அளவையின் பெயரை நம்பாமல் அகலத்தைக் கேளுங்கள். இருப்பிட எண்ணை 'இன்ட்', 'லாங்' ஆகியவற்றில் வைக்காமல், ஆஃப்-டியிலோ 64 பிட் என்று வெளிப்படையாகக் கூறும் வகையிலோ வையுங்கள். இரண்டாவது, மேற்சொன்ன 64 என்னும் குறிப்பை நிரலின் எல்லாப் பகுதிகளிலும் ஒன்றுபோல, தலைப்புக் கோப்புகளை அழைப்பதற்கு முன்பே வையுங்கள். ஒரு பகுதி 32 என்றும் மறுபகுதி 64 என்றும் கொண்டால், ஒரே கடையில் இரண்டு படி வைத்து வாணிகம் செய்ததாகும். மூன்றாவது, கோப்பின் அளவுக்கும் நினைவகத்தின் அளவுக்கும் வேறுபாடு அறியுங்கள். 'சைஸ்-டி' என்பது நினைவகத்துக்கு உரியது. 32 பிட் பொறியில் அது 32 பிட்தான். ஆகவே கோப்பு முழுவதையும் ஒரே வாயில் விழுங்க முயலாமல், பகுதி பகுதியாகப் படியுங்கள். பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்கு மாற்றுமுன் அடங்குமா என்று சோதியுங்கள். நான்காவது, ஒவ்வொரு கட்டளையும் திருப்பித் தரும் விடையைப் பாருங்கள். எஃப்டெல் −1 என்று சொன்னால் அது இடமன்று, எச்சரிக்கை.

கோப்பின் உள்ளமைப்பிலும் இதே எல்லை ஒளிந்திருக்கலாம். ஒலிப்பதிவுக்கு வழங்கும் 'வேவ்' அமைப்பு தன் நீளத்தை 32 பிட்டில் எழுதுகிறது. நிரல் 64 பிட்டானாலும் கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் தன் நீளத்தைச் சொல்ல முடியாது. இதனாலேயே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 'ஆர்எஃப்-64' என்னும் விரிந்த அமைப்பை வகுத்தது. தியாகராய நகரில் ஒலிப்பதிவுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர், 32 ஜிகாபைட் கொள்ளும் பென் டிரைவில் 5 ஜிகாபைட் கோப்பு ஏறவில்லையே, இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று என்னிடம் வியந்து கேட்டார். அதன் 'ஃபேட்-32' அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவாகவே இருக்கலாம் என்று விளக்கினேன். களஞ்சியம் பெரியதுதான், மூட்டையின் அளவுக்குத்தான் கட்டுப்பாடு.

ஐந்தாவதாக ஒன்று. சோதனைக்கு அஞ்சாதீர்கள். ஐந்து ஜிகாபைட் கோப்பு வேண்டுமென்றால் அவ்வளவு இடம் செலவழிக்க வேண்டுவதில்லை. லினக்ஸில் புதிய கோப்பொன்றைத் திறந்து, ஐந்து ஜிகாபைட் தூரம் தாண்டிச் சென்று ஒரே ஒரு பைட்டை எழுதுங்கள். இடையிலுள்ள வெற்றிடத்தை, பொதுவாக வழங்கும் கோப்பு முறைமைகள் வட்டில் சேமிப்பதில்லை. அக்கோப்பை வைத்து 2,147,483,647, 2,147,483,648, 4,294,967,295, 4,294,967,296 ஆகிய நான்கு வாயில்களிலும் உங்கள் நிரலை நடத்திப் பாருங்கள். வயலின் நடுவில் நின்று வரப்பைச் சரிபார்க்க இயலாது. வரப்பின்மேல் நடக்க வேண்டும்.

இதே வரப்பு இன்னோர் இடத்திலும் நமக்காகக் காத்திருக்கிறது. 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரம், 2038 ஜனவரி 19-ஆம் நாள் இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அதே 2,147,483,647-ஐ எட்டும். இதற்கும் மருந்து ஆயத்தமாகிவிட்டது. 2021-இல் வெளிவந்த லினக்ஸ் ஸி நூலகம், 32 பிட் பொறிகளிலும் காலத்தை 64 பிட்டில் வைக்க இடந்தருகிறது. ஆனால் கோப்பின் இருப்பிட எண்ணையும் 64 ஆக்கியவர்க்கே அவ்வசதி கிட்டும். ஒரு கடமையைச் செய்தவர்க்கு மறு கடமை எளிதாகிறது.

இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுள் சிலர் நாளை மருத்துவமனைப் படங்களைக் காக்கும் நிரலை எழுதுவீர்கள். சிலர் நிலப் பதிவேட்டையும், சிலர் பழஞ்சுவடிகளின் படங்களையும் காப்பீர்கள். அவற்றை நம்பி ஒப்படைப்பவர்க்கு லாங் என்பது எத்தனை பிட் என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அளக்கக் கொடுத்தவர் படியைச் சோதிப்பதில்லை. அளப்பவர்தான் அதனைச் சோதித்து வைத்திருக்க வேண்டும்.